நத்தைக்கு வேலி தெரியாது

வெள்ளம் வந்தால் அதிகாரிகள் வருவார்கள். மண் சரிந்தால் படம் பிடிக்க வருவார்கள். மரக்கறிப் பாத்தியில் நத்தை இறங்கினால் எவரும் வருவதில்லை. ஆனால் இருந்த இடத்தை இழந்து, இரவலாகக் கிடைத்த ஒரு துண்டு நிலத்தில் கோவா நாற்றும் கறிமிளகாய் நாற்றும் நட்ட ஒரு குடும்பம், விடிந்ததும் அங்கே வெறும் தண்டுகளைக் காண்பது சிறிய இழப்பல்ல. நாற்றுக்குக் கொடுத்த காசு போனது ஒரு பக்கம். "இந்த மண்ணும் நம்மளச் சேர்த்துக்காது போல" என்று மனம் விட்டுப்போவது மறுபக்கம். இந்த இரண்டாவதுதான் பெரிய நட்டம் என்பது எமது கருத்து. மண்வெட்டியை மூலையில் வைத்த குடும்பம் மீண்டும் நிவாரண வரிசையைத்தான் நம்பவேண்டியிருக்கும்.

ஆகவே நத்தையைப் பற்றி எழுதுவதற்கு நாம் வெட்கப்படவில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய பொறிகளைக் கொண்டு நத்தையை அடக்கலாம்; ஆனால் ஒரு வீடு மட்டும் தனியே செய்தால் அது பலிக்காது; அயலவர்கள் சேர்ந்து செய்தால் பலிக்கும். இதுவே நாம் சொல்லவரும் செய்தி.

புதிய பாத்திக்கு ஏன் முதல் அடி?

கம்பளைப் பிரதேசத்துக்கு இடப்பெயர்வு புதியதல்ல. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வடக்கு நோக்கிப் போயின. 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியபோது, வயலும் வீடும் நீருக்கடியில் போனவர்கள் வேறிடம் தேடினார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. ஒவ்வொரு தடவையும், போய்ச் சேர்ந்த இடத்தில் எமது மக்கள் முதலில் அடுப்பு மூட்டினார்கள். அடுத்து ஒரு பாத்தி வெட்டினார்கள்.

அந்தப் பாத்திக்கு எவ்வாறான நிலம் கிடைக்கிறது? பெரும்பாலும் பிறர் வேண்டாமென்று விட்ட நிலமே கிடைக்கிறது. ஓடைக்கரை, புல் மண்டிய ஓரம், கைவிடப்பட்ட தேயிலைக் கான், இடிந்த சுவரின் கற்குவியல் என்பனவே அவை. பகலில் நத்தை ஒளிந்திருப்பதற்கும் இவைதான் மிகவும் உகந்த இடங்கள். அத்துடன் கம்பளை சுமார் 480 மீற்றர் உயரத்தில், மகாவலிக் கரையில், ஈரவலயத்தில் அமைந்த ஊர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. மண் முழுதாகக் காய்வதே அரிது. புல்லை வெட்டி நிலத்தைத் துப்புரவாக்கியதும் நத்தைக்கு அதுவரை கிடைத்த உணவு போய்விடுகிறது. அங்கே மிஞ்சும் ஒரேயொரு இளம் பச்சை நீங்கள் நட்ட நாற்றுத்தான். ஆகவே முதல் போகம் அழிவது உங்கள் கைராசியினால் அல்ல. மண்ணின் சாபத்தினாலும் அல்ல. அதற்குத் தெளிவான காரணமுண்டு. காரணம் உள்ளதற்குப் பரிகாரமும் உண்டு.

எதிரியை அறிந்துகொள்வோம்

எமது பாத்திகளில் இரண்டு வகையினரைக் காண்கிறோம். ஒன்று, கூம்பு வடிவான பெரிய ஓட்டைச் சுமந்துவரும் ஆபிரிக்க இராட்சத நத்தை. மற்றது ஓடில்லாத நத்தை. கறுத்து, தட்டையாக, ஒரு தோல் துண்டு போல, முதுகில் மெல்லிய வெளிர்கோட்டுடன் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பார்ப்பதற்கு அட்டை போலிருந்தாலும் அது அட்டையல்ல; இரத்தம் குடிப்பதில்லை. இலையைத்தான் அரித்துத் தின்னும்.

இவ்விரண்டும் இந்த நாட்டில் பிறந்தவையல்ல. இரண்டுக்கும் பூர்வீகம் ஆபிரிக்கா. இராட்சத நத்தை முதலில் இந்து சமுத்திரத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் அதை மொரிசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1900ஆம் ஆண்டில் அது இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு தடவையில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடிய பிராணி அது. ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் இரு உறுப்புகளும் இருப்பதால், எந்த நத்தையும் முட்டையிடும். மண்ணுக்குள், கல்லின் கீழ், உக்கிய இலைக்குள் சிறு முத்துக்களைப் போலக் குவிந்து கிடப்பது அந்த முட்டைகளே.

ஒரு விடயத்தை மறந்துவிடக் கூடாது. இலங்கையில் 240க்கு மேற்பட்ட தரைநத்தை இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மரத்தில் ஏறி வாழும், அழகிய நிறமுள்ள அக்காவஸ் என்ற பெரிய நத்தையும் அவற்றில் ஒன்று. அது உங்கள் கோவாவைத் தேடி வருவதில்லை. பலா மரத்திலோ கித்துள் மரத்திலோ அதைக் கண்டால் அதன் பாட்டில் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள். ஹவாய்த் தீவுகளில் இராட்சத நத்தையை ஒழிப்பதற்கென 1955இல் வேறொரு நத்தையை, நத்தை தின்னும் நத்தையை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தத் தீவுகளுக்கே உரிய மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. இராட்சத நத்தையோ அங்கே இன்றும் இருக்கிறது. அவசரப் பரிகாரம் எப்போதும் நல்ல பரிகாரம் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நத்தையின் பலவீனம் அதன் உடலிலேயே இருக்கிறது. அதன் உடல் பெரும்பாலும் நீர். வெயில் பட்டால் வற்றிவிடும். அதனால்தான் இரவில் மேய்ந்து, விடியுமுன் ஈரமும் இருட்டுமுள்ள ஓரிடத்துக்குள் அது புகுந்தாக வேண்டும். அந்த இடத்தை நாமே அமைத்துக் கொடுத்தால் அது தானாகவே எமது கையில் அகப்படும். பொறியின் இரகசியம் இவ்வளவுதான்.

கடைக்கு ஓடுவதற்கு முன்

நத்தை என்றதும் பலர் கேட்பது, "கடையில என்ன மருந்து இருக்கு?" என்பதே. மெற்றல்டிஹைட் என்ற நச்சு சேர்ந்த குறுணைகள்தான் நத்தைக்கென உலகெங்கும் நெடுங்காலம் விற்கப்பட்டவை. நத்தையை ஈர்ப்பதற்காக அதில் தவிடு போன்ற தீனியும் சேர்க்கப்படுகிறது. அந்தத் தீனியே நாய்க்கும் கோழிக்கும் யமனாகிறது. மிட்டாய் போலத் தெரியும் அந்தக் குறுணையைத் தவழும் குழந்தை கண்டால் என்ன செய்யும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரிய பிரித்தானியாவில் 2022 மார்ச் இறுதியுடன் திறந்த வெளியில் இதன் பாவனை நிறுத்தப்பட்டது. அங்கே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே வேலியாவது இருக்கும். ஒரே முற்றத்தில் பல குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடும் தற்காலிகக் குடியிருப்பில், பாத்திக்கும் படுக்கைக்கும் இடையே சில அடிகளே உள்ள இடத்தில், இந்த நஞ்சைத் தூவுவதை நாம் எவ்வாறு சிபார்சு செய்வது? அதுவும் கம்பளை மழையில் ஒரே இரவில் கரைந்து ஓடைக்குப் போய்விடும்.

கடையில் விற்பது எல்லாமே தீது என்று நாம் வாதிடவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் விவசாய நச்சுகளையும் இறக்குமதி செய்வது ஒரே உத்தரவில் தடுக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டதையும், இடையில் விவசாயிகள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். மாற்றுவழி எதுவும் கைக்கு வருமுன் இருந்த வழியை அடைப்பது நியாயமல்ல. நத்தை விடயத்தில் அந்த மாற்றுவழி ஏற்கனவே எமது வீட்டில் இருக்கிறது என்பதையே நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

உப்பைத் தூவுவோரும் உளர். உப்புப் பட்ட நத்தை சாகும் என்பது உண்மையே. ஆனால் பாத்தியில் திரும்பத் திரும்ப உப்பிட்டால் மண் கெட்டு, பயிரும் வாடும். சாம்பலும் முட்டைக்கோதும் தூவுவது பழைய வழக்கம். சாம்பல் காய்ந்திருக்கும் வரையில் பலன் தரும். ஒரு மழை பெய்தால் அது சேறுதான். முட்டைக்கோதைப் பற்றி இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. முட்டைக்கோது, செப்புப் பட்டி, கூர்மணல், மரப்பட்டைத் தூள், ஆட்டு உரோமக் குறுணை ஆகிய ஐந்தையும் சலாதுச் செடிகளைச் சுற்றி இட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இடாத செடிகளைவிட இவை நன்றாகத் தப்பவில்லை. முட்டைக்கோதை உரக்குழியில் போடுங்கள். அது மண்ணுக்கு நல்லது. நத்தைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

வீட்டிலே செய்யும் பொறிகள்

முதலாவது, சாக்குப் பொறி. பழைய சணல் சாக்கு ஒன்றை நீரில் நனைத்து, இரண்டாக மடித்து, பின்னேரம் பாத்திகளுக்கு இடையிலான வழியில் விரியுங்கள். அதன் கீழ் இரண்டு பப்பாசி இலையையோ கோவாவின் வெளியிலையையோ வையுங்கள். பப்பாசி இலை இராட்சத நத்தைக்கு மிகவும் பிடித்தமானது. சாக்குக் கிடைக்காவிட்டால் பழைய பலகை, வாழை மடல், உடைந்த ஓடு எதுவும் உதவும். பலகையானால் நான்கு சிறு கற்களின்மீது, விரல் நுழையும் அளவு உயர்த்தி வையுங்கள். விடிந்ததும், வெயில் ஏறுமுன், புரட்டிப் பாருங்கள். அங்கே ஒதுங்கியிருப்பவற்றை எடுத்து அழித்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் அது பொறியல்ல, நத்தைக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த வீடு. பொறி வைத்தும் பலனில்லை என்று குறைசொல்வோரிடம் நாம் முதலில் கேட்பது, "காலையில் யார் புரட்டுகிறார்?" என்பதே.

இரண்டாவது, புளித்த மாப் பொறி. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதனைப் பியர்ப் பொறி என்பார்கள். குடியினால் சீரழிந்த குடும்பங்களை அறிந்த எமது பெண்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதில் நியாயமுண்டு. பாத்திக்கென வாங்கிய போத்தல் பாத்தி வரையில் போய்ச்சேரும் என்பதற்கு யார் உத்தரவாதம்? நல்ல செய்தி என்னவென்றால், நத்தை தேடி வருவது மதுசாரத்தையல்ல. ஈஸ்ட் புளிக்கும் வாசனையையே. 1980களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பலவகைப் பியர்களை வைத்துப் பார்த்தபோது, மதுசாரமில்லாத ஒரு மோல்ட் பானமே நத்தைகளை அதிகம் ஈர்த்தது. 2021இல் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெறும் கோதுமை மா, நீர், ஈஸ்ட் கலந்த பாண் மாவை வைத்தே நத்தைகளைப் பெருந்தொகையாகக் கவர முடியும் என்று காட்டினார்கள்.

ஆகவே ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா சேர்த்துக் கலக்கி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். நுரைத்து வரும். வெறுமையான யோகட் கப்பை மண்ணில் புதைத்து, அதன் அரைப்பங்குக்கு இந்தக் கலவையை ஊற்றுங்கள். கப்பின் விளிம்பு மண்மட்டத்திலிருந்து விரலகலம் உயர்ந்திருக்க வேண்டும். மண்மட்டத்தில் இருந்தால், நத்தை முட்டையையும் புழுக்களையும் தின்னும் நல்ல வண்டுகளும் அதற்குள் விழுந்து சாகும். மழைநீர் நிரம்பாதபடி, மேலே ஒரு சிரட்டையை மூன்று கற்களில் கவிழ்த்து வையுங்கள். இந்த வாசனை சில அடி தூரத்துக்கே எட்டும். ஆகவே பாத்தியின் ஓரமாக, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாகப் பல கப்புகள் தேவை. நாற்றுகளின் நடுவே வைக்க வேண்டாம். வழியில் வருகின்ற விருந்தாளி உங்கள் நாற்றையும் ஒரு கடி கடித்துப் போவார்.

இந்த இரண்டாவது பொறியில் ஓர் ஆபத்து உண்டு. யோகட் கப்பும் சிரட்டையும் டெங்கு நுளம்புக்குப் பிடித்த பாத்திரங்கள். நீர் தேங்கி ஒரு வாரமளவு கிடந்தாலே போதும், முட்டை நுளம்பாகிவிடும். நத்தையைப் பிடிக்கப் போய்க் காய்ச்சலை வாங்கிக்கொள்ள முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டாலும் பதிலிருக்காது. எனவே இரண்டு நாளைக்கு ஒருமுறை கப்பை வெளியே எடுத்து ஊற்றிக் கழுவிப் புதுக்கலவை இடுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் இந்தப் பொறியே வேண்டாம். சாக்குப் பொறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடைமழைக் காலத்துக்குச் சாக்கே சிறந்தது என்பது எமது அபிப்பிராயம்.

மூன்றாவது, பொறியல்ல, உங்கள் கண்ணும் கையும். இருட்டியபின் ஒரு டோர்ச் லைட்டுடன் பாத்தியை ஒருமுறை சுற்றிவந்தால், பொறிக்கு வராதவையும் அகப்படும். இதனோடு நாற்றுக்கு நீரூற்றுவதைப் பின்னேரத்திலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் நத்தை தயங்கும். புல்லையும் கற்குவியலையும் பாத்தியிலிருந்து ஓரிரு அடி தள்ளி வையுங்கள். நாற்றை நான்கைந்து இலை விட்டபின் நடுங்கள். அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலை இளம் நாற்றைச் சுற்றி வளையமாக மண்ணில் அழுத்திவிடுங்கள்.

கையைக் காப்பாற்றுங்கள்

நத்தையை வெறுங்கையால் தொடவேண்டாம். எலியின் நுரையீரலோடு தொடர்புடைய ஒரு நுண்புழு, தன் வாழ்வின் ஒரு பகுதியை நத்தையின் உடலில் கழிக்கிறது. இராட்சத நத்தையில் அது அடிக்கடி காணப்படுகிறது. அது வாய்வழியாக மனிதருக்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி ஏற்படலாம். பயப்படத் தேவையில்லை, கவனம் போதும். கையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டோ இரண்டு குச்சிகளாலோ பொறுக்குங்கள். பின்னர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். வல்லாரைச் சம்பலுக்கு எடுக்கும் கீரையை இலை இலையாக ஓடும் நீரில் கழுவுங்கள். நத்தை அதிகமுள்ள காலத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடாமல் அவித்துக் கொடுப்பது நல்லது.

பொறுக்கியவற்றை வேலிக்கு அப்பால் எறிவது வீண்வேலை; அவை திரும்பி வரும், அல்லது அயல்வீட்டுக்குப் போகும். வாளியில் கொதிநீரை ஊற்றிச் சாகடித்து, கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாக ஆழப் புதையுங்கள். முட்டைக் குவியல்களைக் கண்டாலும் அவ்வாறே செய்யுங்கள். தாரா வளர்ப்போர் வேகவைத்த நத்தையை அவற்றுக்குத் தீனியாக இடலாம். நாற்று நடுமுன் தாராக்களை அந்த நிலத்தில் சில நாட்கள் மேயவிட்டால், அவையே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒரு வீட்டு வேலையல்ல

இனி நாம் முக்கியமாகச் சொல்லவேண்டியதற்கு வருவோம். பெண்கள் கூடிய ஒரு கூட்டத்தில் வயதான ஓர் அம்மா எழுந்து, "சாமி, மாட்டுக்குக் கயிறு இருக்கு, கோழிக்குக் கூடு இருக்கு. இந்த நத்தைக்கு வேலி போட எவனால முடியும்?" என்று கேட்டார். அருகிலிருந்த இளம் பெண், "பாட்டி, நான் தெனமும் பொறுக்குறேன். மேல்வீட்டு அக்கா பொறுக்குறதில்ல. அவங்க நத்தையெல்லாம் நம்ம பாத்திக்குத்தான் வருது" என்றார். மேல்வீட்டு அக்காவும் அங்கேதான் இருந்தார். கூட்டத்தில் கொஞ்சம் சூடு ஏறியது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

நத்தைக்கு வேலி தெரியாது. உங்கள் பாத்தியைச் சுத்தமாக்கினால், அயல்நிலத்தில் மிஞ்சியவை அந்த வெற்றிடத்துக்கு நகரும். ஒருவர் மட்டும் பொறுக்குவது ஓட்டைப் படகில் ஒருவர் மட்டும் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே ஒரு வரிசையிலுள்ள நான்கைந்து வீடுகளாவது ஒரே நாளில் தொடங்கி, நாற்று நட்ட முதல் மூன்று வாரங்களும் விடாது செய்ய வேண்டும். அந்த மூன்று வாரத்தைத் தாண்டிய நாற்று நத்தையின் சில கடிகளைத் தாங்கிக்கொள்ளும். காலையில் சாக்குப் புரட்டுவதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். கொழுந்துக்குப் போகும் அக்காவின் சாக்கை வீட்டிலிருக்கும் பாட்டி புரட்டலாம். பாட்டியின் பாத்தியை இரவில் டோர்ச் பிடித்து இளையவர்கள் பார்க்கலாம். ஆளுக்கொரு ஈஸ்ட் பைக்கற் தேவையில்லை; ஐந்து வீட்டுக்கு ஒன்று போதும்.

அயல் என்று நாம் சொல்வது இடம்பெயர்ந்து வந்தவர்களை மட்டுமல்ல. கம்பளையைச் சுற்றித் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழ்கிறார்கள். வந்தவர், இருந்தவர் என்ற பேதம் சில இடங்களில் மெல்லக் கசப்பாகவும் மாறுவதுண்டு. நாம் நத்தை என்பதை அவர்கள் கொளுபெல்லா என்பார்கள். அது தின்னுவது இருவரின் போஞ்சியையும்தான். "நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம், நீங்களும் சேர்கிறீர்களா?" என்று வேலிக்கு மேலால் கேட்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் என்ன?

உதவி செய்வோருக்கு ஒரு வார்த்தை

வீட்டுத் தோட்டத் திட்டம் என்ற பெயரில் விதைப் பொதியும் மண்வெட்டியும் கொடுத்து, படமெடுத்து, அறிக்கை எழுதிவிட்டுப் போவது எமது துறையில் வழக்கமாகிவிட்டது. விதை கொடுத்த நாளில் எல்லோரும் இருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில், நாற்று மொட்டையாகும் காலையில், யாரும் இல்லை. விதைப் பொதியோடு ஒரு பழைய சாக்கையும் சேர்த்துக் கொடுத்து, அந்த மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை வந்து போனால், கொடுத்த விதையில் பாதியாவது கறிச்சட்டிக்குப் போய்ச் சேரும். இது எம் போன்ற நிறுவனங்கள் அனைத்துக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கம் பற்றியும் மக்களுக்குச் சொல்லிவையுங்கள்.

"காணி உறுதி இல்லாதவனுக்கு நத்தைப் பாடமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஓரத்துப் புல்லை வெட்டவும், தூர்ந்த கானைத் துப்புரவாக்கவும் பிறர் அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பம், நத்தையின் இருப்பிடத்தையே நெருங்க முடியாது. நத்தைப் பிரச்சினையும் ஒரு வகையில் காணிப் பிரச்சினையே. தோட்ட மக்களுக்கு வீட்டுக்கென 7 பேர்ச் நிலம் என்று கணக்கிட்டபோது, வீடு போக மிஞ்சுவதில் எத்தனை பாத்தி வெட்டலாம் என்று யார் யோசித்தார்கள்? காணிக்கான கோரிக்கையை எந்தச் சாக்குப் பொறிக்காகவும் நாம் கைவிடப் போவதில்லை. பிரதேச செயலகத்திலும் தோட்ட நிருவாகத்திடமும் அதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் காணி உறுதி வரும் நாள் தெரியாது; பிள்ளைக்கு இன்று மதியம் கீரை வேண்டும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க முடியாது.

சிறிய நிலத்துக்கு ஒரு வசதியும் உண்டு. பல ஏக்கரில் கோவா செய்பவரால் நத்தையைக் கையால் பொறுக்க முடியாது. அவர் நஞ்சை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு பாத்தி வைத்திருப்பவர் ஒரு தேநீர் கொதிக்கும் நேரத்தில் பொறுக்கி முடித்துவிடலாம். ஏழ்மை எமக்கு விட்டுவைத்த சிறு நிலத்தில், கையும் கண்ணும் அயலாரின் துணையுமே எமது பலம்.

இன்று பின்னேரமே ஒரு சாக்கை நனைத்துப் போடுங்கள். போடுமுன் அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நாளை காலை, வெயில் வருமுன், இருவரும் சேர்ந்து புரட்டிப் பாருங்கள்.